43 நாள் பூட்டியதை இப்படித்தான் திறப்பதா?

முருங்கைமரம், திண்டிவனம்
மே 7, 2020, இரவு 9.40

கொரோனா ஊரடங்கில் 43 நாள் பூட்டிக் கிடந்த டாஸ்மாக் என்கிற அரசு மதுக்கடைகளை இன்று திறந்துவிட்டார்கள். காலையில் பால் வாங்கப் போனேன். எங்கள் தெருமுனைக்கும் டாஸ்மாக் கடைக்கும் அரை கிலோமீட்டர் இருக்கும். வரிசை தெருமுனை வரை வந்துவிட்டது. வரிசையில் ஆள் இல்லை. செருப்பு, செங்கல், ஹெல்மெட், தண்ணீர் பாட்டில், ஒரு இடத்தில் மடித்த துண்டு, அது பறக்காமலிருக்க மேலே ஒரு கல். எல்லாம் மூன்றடி இடைவெளி விட்டு அவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் புளியமர நிழலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

10 மணியிலிருந்து 1 மணி வரை ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று நேரம் பிரித்திருக்கிறார்கள் அல்லவா? அதனால் ஒரு பையன் டிவிஎஸ் எக்ஸெலில் தாத்தாவை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். பெரியவரால் நிற்கவே முடியவில்லை, பேரன்தான் அக்குளில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தான். இந்த நோய் யாரைக் கொண்டுபோகும் என்று நாற்பது நாளாக டிவியில் சொன்னார்களோ, அவரையே முதலில் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது.

என் கோபம் குடிக்கிறவர்கள் மேல் இல்லை. ஏப்ரலில் செய்யாறு ஊரில் பெரியம்மா இறந்துபோனார்கள். என்னை வளர்த்தவர்கள். அங்கே போக பாஸ் கேட்டு விண்ணப்பித்தேன், அது வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். தம்பி வாட்ஸப்பில் காட்டினான், வாசல்படியில் உட்கார்ந்து பார்த்தேன். ஊருக்கெல்லாம் ஒரே சட்டம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் செருப்பு வரிசையைப் பார்த்ததும் அது போய்விட்டது.

ஊரடங்கு அறிவித்த அன்று மாநிலம் முழுக்க நோயாளிகள் இருபது பேர்கூட இல்லை. இன்று மாலைக் கணக்கு 5,409. இன்று மட்டும் 580. அன்றைக்குப் பூட்டியது சரி என்றால் இன்றைக்குத் திறப்பது எப்படிச் சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பனியன் கம்பெனி, திருப்பூர்
மே 7, இரவு 10.05

எங்கள் ஊரில் குடை கொண்டுவந்தால்தான் பாட்டில் என்று மாவட்ட நிர்வாகம் சொல்லிவிட்டது. குடை விரித்தால் இடைவெளி தானாக வந்துவிடும் என்பது கணக்கு. யோசனையைக் கேலி செய்யவில்லை, உண்மையிலேயே நல்ல யோசனை. ஆனால் நான் பார்த்த இடத்தில் ஒரு குடைக்குள் மூன்று பேர் நின்றார்கள். மே மாத வெயில், என்ன செய்வார்கள்! பக்கத்து மளிகைக் கடைக்காரர் வீட்டில் கிடந்த கம்பி உடைந்த குடையை இருபது ரூபாய் வாடகைக்கு விட்டார். மதியத்துக்குள் அந்தக் குடை எத்தனை கை மாறியதோ.


கணக்கர் (ஓய்வு)
மே 7, இரவு 10.50

முருங்கைமரம் தம்பிக்கு. பெரியம்மாவுக்கு என் அஞ்சலி.

உங்கள் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம். ஊரடங்கு நோயை ஒழிப்பதற்கில்லை. படுக்கை, வென்டிலேட்டர், பரிசோதனைக்கூடம் எல்லாம் தயார் செய்யக் கொஞ்சம் நாள் கிடைக்கட்டும் என்பதற்குத்தான். அதனால் எண்ணிக்கை கூடியிருக்கும்போது திறக்கிறார்கள் என்பதை வைத்து மட்டும் தப்பு என்று சொல்லிவிட முடியாது. எதை முதலில் திறக்கிறார்கள், எப்படித் திறக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

ஏன் இதை முதலில்? பணம். ஜிஎஸ்டி வந்தபிறகு மாநிலம் தானே கையை வைத்து வரியை ஏற்றி இறக்கக்கூடியது மது, பெட்ரோல் டீசல், பத்திரப்பதிவு, வண்டி வரி, அவ்வளவுதான். நாற்பது நாளாக நான்கும் படுத்துவிட்டன. இந்த வாரம் பெட்ரோலுக்கு 3.25 ரூபாயும் டீசலுக்கு 2.50 ரூபாயும் கூடியது. கடை திறக்கும் முன்பே குவார்ட்டருக்கு விலை ஏற்றினார்கள். இன்றைக்கே இன்னொரு அறிவிப்பும் வந்ததை யாரும் இங்கே பேசவில்லை: அரசு ஊழியர் ஓய்வு வயது 58லிருந்து 59. வேலை தேடும் பிள்ளைகள் கொதிக்கிறார்கள். நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். இந்த ஆண்டு ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணிக்கொடை ஒரு வருடம் தள்ளிப்போகிறது. டாஸ்மாக் வருமானமோ ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடிக்கு மேல். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

அரசு சொன்ன காரணம், கர்நாடகத்திலும் ஆந்திராவிலும் 4ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், நம் ஆட்கள் எல்லை தாண்டிப் போகிறார்கள் என்பது. போனார்கள், உண்மைதான். ஆனால் கருவூலத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவன் நான். கோப்பில் முதல் பக்கத்தில் ஒரு காரணம் இருந்தால் கை தானாக அடுத்த பக்கத்தைப் புரட்டும்.


மூன்று சக்கரம், திருச்சி
மே 7, இரவு 11.20

பூட்டியே வையுங்கள் என்று இங்கே எழுதுகிறவர்கள் எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆட்டோ நின்று நாற்பத்து நான்கு நாள். ரேஷனில் கொடுத்த ஆயிரம் ரூபாயும் அரிசியும் வந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆயிரம் ரூபாயில் வட்டிக்காரருக்குக் கொடுத்தது எவ்வளவு, கேஸ் எவ்வளவு, அப்பாவின் சுகர் மாத்திரை எவ்வளவு என்று நான் சொன்னால் உங்களுக்குச் சலிப்பாக இருக்கும்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. என் வண்டியில் என்னையும் சேர்த்து நான்கு பேர். அது ஆபத்து, ஓடக் கூடாது. சரி. ஒரு கடை வாசலில் ஐந்நூறு பேர், அது தளர்வு. டீக்கடை மூடிக் கிடக்கிறது. கோயில் மூடிக் கிடக்கிறது. சீக்கிரம் திறந்துவிட்டார்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். என்னைக் கேட்டால் எனக்கு இன்னும் திறக்கவே இல்லை.


மண்டி
மே 8, காலை 6.15

இரண்டு மாதமாக இங்கே படிக்க மட்டும் செய்துகொண்டிருந்தேன். இன்று எழுதுகிறேன், தூக்கம் வரவில்லை. நான் சென்னை கோயம்பேடு சந்தையில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். இப்போது திட்டக்குடி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு அறையில் படுத்திருக்கிறேன். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பாய் போட்டிருக்கிறார்கள். காலையும் மாலையும் கபசுரக் குடிநீர்.

எங்களுக்கு ஊரடங்கே கிடையாது, தெரியுமா? மார்ச் 25லிருந்து ஒரு நாள்கூட இல்லை. ஊருக்குக் காய்கறி வேண்டும் அல்லவா. அது நியாயம்தான், அதில் எங்களுக்குப் பெருமைகூட இருந்தது. ஆனால் ஏப்ரல் 24ஆம் தேதி அறிவித்தார்கள், 26லிருந்து சென்னையில் நான்கு நாள் முழு அடைப்பு என்று. 25ஆம் தேதி விடியற்காலை எங்கள் வாசலில் நின்று பார்த்திருந்தால் தெரியும். சில்லறை வியாபாரி, வீட்டு ஆட்கள், தள்ளுவண்டிக்காரர், எல்லாரும் ஒரே சமயத்தில். தக்காளிப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கித்தான் நகர்த்த முடிந்தது. கொத்தமல்லிக் கட்டை ஒருவர் என் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு பணத்தைச் சட்டைப்பையில் திணித்துவிட்டுப் போனார். என் முகக்கவசம் எங்கே விழுந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நான்கு நாள் வெளியே வராமலிருப்பதற்காக ஊரே ஒரே காலையில் வெளியே வந்தது.

பிறகு சந்தையில் இவருக்குத் தொற்று, அவருக்குத் தொற்று என்று வரிசையாகச் செய்தி. சந்தையை மே 5ஆம் தேதி மூடினார்கள். மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததுமே மூட்டை தூக்குகிற பையன்கள் கிடைத்த லாரியில் ஏறிவிட்டார்கள். நான் வெங்காயச் சாக்குக்கு மேல் படுத்து வந்தேன். தங்க இடமும் சோறும் அங்கேயே கொடுத்துப் பரிசோதனையும் செய்திருந்தால் யார் ஊருக்கு வரப் போகிறார்கள்?

எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நேற்று முடிவு வந்தது: பாசிட்டிவ். சாயங்காலம் ஆம்புலன்ஸ் வரும் என்றார்கள், இன்னும் வரவில்லை.


செந்நிலம், அரியலூர்
மே 8, காலை 8.30

எங்கள் மாவட்டம் நிம்மதியாக இருந்தது. ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் ஏறிவிட்டது, அத்தனையும் கோயம்பேடு. வந்தவர்கள் வாயைத் திறந்து சொல்லாமல் வீட்டில் ஒளிந்துகொண்டால் என்ன அர்த்தம்? [இந்த இடத்தில் இருந்த இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. நெறியாளர்]


மண்டி
மே 8, காலை 9.10

செந்நிலம் அண்ணே, நான் ஒளியவில்லை. நானே தலையாரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆனாலும் உங்கள் கோபம் புரிகிறது. நோய் வந்த வீடு என்று என் வீட்டு வாசலில் தகரம் அடித்து அடைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குத் தண்ணீர் பிடிக்க யாரும் குடத்தைத் தொட மாட்டேன் என்கிறார்களாம். செய்தியில் தினமும் "கோயம்பேடு மூலம்" என்று வாசிக்கிறார்கள். அது இப்போது எங்களுக்கு இனிஷியல் மாதிரி ஆகிவிட்டது.


செந்நிலம், அரியலூர்
மே 8, காலை 9.25

மன்னிக்கவும் தம்பி. என் அண்ணன் மகனும் அங்கிருந்துதான் வந்தான். அந்தப் பயத்தில் எழுதிவிட்டேன்.


முருங்கைமரம், திண்டிவனம்
மே 8, இரவு 8.15

பார்த்தீர்களா? கடைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு. நீதிபதிகள் வினீத் கோத்தாரி, புஷ்பா சத்யநாராயணா அமர்வு. விதித்த நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கவில்லை, ஊரடங்கு முடியும் வரை ஆன்லைன் விற்பனை மட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் விற்பனை மட்டும் சுமார் 170 கோடி என்கிறார்கள். இரண்டே நாள் கூத்து.


வெள்ளைப் புடவை
மே 8, இரவு 11.50

டியூட்டி முடிந்து விடுதிக்கு வந்து படித்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், சென்னையில் ஒன்று.

இரண்டே நாள் என்று முருங்கைமரம் சார் நிம்மதிப்படுகிறார். தொற்று ஏறி அறிகுறி தெரியவே நான்கைந்து நாள், சிலருக்குப் பதினான்கு நாள் வரை ஆகும். பிறகு பரிசோதனை, முடிவு. அதனால் இன்று மாலை அறிவித்த 600 பேர் நேற்றைய வரிசையில் நின்றவர்கள் இல்லை. மண்டி தம்பி சொன்னாரே, ஏப்ரல் 25 காலை, அந்த மாதிரிக் கூட்டங்களின் கணக்குத்தான் இப்போது வந்துகொண்டிருக்கிறது. நேற்று நின்றவர்களின் கணக்கு இந்த மாதக் கடைசியில் எங்கள் வார்டுக்கு வரும். அறிவிக்கிறவர்கள் இன்றைய எண்ணைப் பார்த்து இன்றைக்குத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள். எங்களுக்கு அதைப் பார்த்தால் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்து வண்டி ஓட்டுவது போல இருக்கிறது.

கவச உடை போட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது. கழற்றும்போது கையுறைக்குள் வியர்வை ஊற்றும், விரலெல்லாம் துணி துவைத்த மாதிரி சுருங்கியிருக்கும். அதைப் பற்றிப் புகார் இல்லை, நாங்கள் தேர்ந்தெடுத்த வேலை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மரியாதை என்று ஹெலிகாப்டரில் வந்து ஆஸ்பத்திரிகளுக்கு மேல் பூ தூவினார்கள். வியாழக்கிழமை கடையைத் திறந்தார்கள்.


கணக்கர் (ஓய்வு)
மே 9, காலை 7.00

அம்மா, இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. அரசு மேல்முறையீட்டுக்குப் போகும், பாருங்கள்.


பனியன் கம்பெனி, திருப்பூர்
மே 16, காலை 11.10

கணக்கர் ஐயா வாக்கு பலித்தது. கடைகளை மூடச் சொன்ன உத்தரவுக்கு உச்ச நீதிமன்றம் நேற்றுத் தடை கொடுத்தது, இன்று திறந்துவிட்டார்கள். ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், இந்த முறை பரவாயில்லை. நாளுக்கு ஒரு நிறத்தில் டோக்கன், ஒரு கடைக்கு நாளைக்கு ஐந்நூறு பேர்தான். வரிசை நகர்கிறது. குடைக்காரருக்குத்தான் வியாபாரம் போச்சு.

இதை 7ஆம் தேதியே செய்திருக்கலாமே என்பதுதான் எரிச்சல். ரேஷன் கடையில் ஏப்ரலிலேயே டோக்கன் கொடுத்து, தேதி எழுதி, கூட்டமில்லாமல் செய்து காட்டியவர்கள்தானே? செய்யத் தெரியாதவர்கள் இல்லை. அவசரம்.


மூன்று சக்கரம், திருச்சி
மே 23, இரவு 9.30

இன்று வண்டி எடுத்தேன். ஒரே ஒரு பயணியை ஏற்றலாம், காலை 7 முதல் இரவு 7 வரை. முதல் சவாரி ஒரு அம்மா, கணவரோடு வந்தார். ஒருவரைத்தான் ஏற்ற முடியும் என்றேன். கணவர் பின்னாலேயே நடந்து வருகிறேன் என்றார். மெதுவாக ஓட்டினேன். என்ன சட்டமோ.


கத்தரி, வியாசர்பாடி
ஜூன் 1, இரவு 10.15

இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். சலூன் வைத்திருக்கிறேன். மற்ற ஊர்களில் மே மாதமே திறந்தார்கள், சென்னையில் இன்றுதான். பாட்டிலுக்கு மூன்றரை வாரம் முந்தியே வழி பிறந்தது, கத்தரிக்கோலுக்கு இன்றுதான் என்று கடையில் எல்லாரும் சொல்லிச் சிரித்தார்கள். சென்னைக்குள் டாஸ்மாக் இன்னும் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது திருத்துவீர்கள்.

வருகிறவர் பெயர், செல் நம்பர், ஆதார் எண் எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற துணிதான் போர்த்த வேண்டும். முடி வெட்ட ஆதாரா என்று ஒருவர் சண்டைக்கு வந்தார், பிறகு அவரே பாண்ட் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். குழந்தைகள் பள்ளி நோட்டு ஒன்றையே எடுத்துக்கொண்டேன், 192 பக்கம்.

சந்தோஷம்தான். பயமாகவும் இருக்கிறது. நேற்று மாநிலத்தில் 1,149 பேர், மொத்தம் 22,333. முருங்கைமரம் சார் இழை தொடங்கியபோது 5,409 என்று எழுதியிருக்கிறார். என் தெருவுக்குப் பின்தெருவில் தகரம் அடித்திருக்கிறார்கள். ஒருவர் தலையில் கை வைத்து இருபது நிமிடம் நிற்கிற தொழில் எங்களுடையது. திறக்காதே என்று யாராவது சொல்லி, மாதம் பத்தாயிரம் கையில் கொடுத்திருந்தால் நிச்சயம் வீட்டில் இருந்திருப்பேன்.


பத்தாவது அம்மா, தாம்பரம்
ஜூன் 9, மாலை 4.40

இழைக்குச் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை, ஆனால் எங்காவது சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து! அனைவரும் தேர்ச்சி. காலாண்டு, அரையாண்டுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20.

ஜூன் 1 என்றார்கள், பிறகு 15 என்றார்கள். ஒன்பது லட்சம் பிள்ளைகளுக்கு மேல். ஹால் டிக்கெட் வாங்க என் மகளை முகக்கவசம் இரண்டு போட்டு அனுப்பினேன். மூன்று மாதமாக வீட்டு வாசல் தாண்டாத பெண், பள்ளியில் தோழியைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துவிட்டு வந்து அதைச் சொல்லி அழுதாள். தொற்று வந்திருக்குமோ என்று. கடைசியில் ரத்து செய்வதாக இருந்தால் இந்த ஒரு மாதம் குழந்தைகளை ஏன் இப்படி வைத்திருந்தார்கள்? நீதிமன்றம் கேட்ட பிறகுதான் எல்லாமே நடக்க வேண்டுமா?


வெள்ளைப் புடவை
ஜூன் 13, அதிகாலை 2.20

படுக்கை இருக்கிறதா என்று கேட்டு எனக்கே தெரிந்தவர்கள் தினம் நான்கு பேர் போன் செய்கிறார்கள். மே மாதம் எழுதியது நினைவிருக்கிறது. சரியாகச் சொன்னாய் என்று யாரும் தயவுசெய்து எழுத வேண்டாம்.


முருங்கைமரம், திண்டிவனம்
ஜூன் 17, இரவு 8.50

சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கு மாவட்டத்துக்கும் 19லிருந்து 30 வரை மறுபடி முழு ஊரடங்கு. 15ஆம் தேதி அறிவித்தார்கள், நாலு நாள் அவகாசம். அந்த நாலு நாள் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். பரனூர் சுங்கச்சாவடியில் வண்டி நகரவில்லையாம். எங்கள் ஊர் வழியாக பைக்கில் மூட்டை கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். ஒரு பைக்கில் இரண்டு குழந்தை, மிக்ஸி, மடியில் ஒரு துளசிச் செடி. எங்கள் தெரு ஆட்கள் சென்னை நம்பர் வண்டி நின்றால் கதவைச் சாத்துகிறார்கள். நானும் சாத்தினேன்.

மண்டி தம்பி, இருக்கிறீர்களா? 25ஆம் தேதி காலையைப் பற்றி நீங்கள் எழுதியதைத்தான் மறுபடி பார்க்கிறேன், சாலையில்.


மண்டி
ஜூன் 17, இரவு 10.30

இருக்கிறேன் சார். பதினான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தகரத்தை எடுத்துவிட்டார்கள், ஆணி அடித்த ஓட்டை மட்டும் கதவில் இருக்கிறது. சந்தையைத் திருமழிசைக்கு மாற்றிவிட்டார்கள், முதலாளி வரச் சொல்கிறார். மழை பெய்தால் அங்கே முழங்கால் அளவு சேறு என்கிறான் கூட இருந்தவன். முழு ஊரடங்கிலும் காய்கறி போக வேண்டும் அல்லவா, எங்களுக்கு வழக்கம்போலத் திறந்தே இருக்கும். பாஸ் கிடைத்தால் போவேன்.


கணக்கர் (ஓய்வு)
ஜூன் 18, காலை 7.20

போகும்முன் அம்மாவுக்குத் தண்ணீர் பிடிக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள் தம்பி.


செந்நிலம், அரியலூர்
ஜூன் 18, காலை 7.45

திட்டக்குடி எனக்குப் பக்கம்தான். ஊர்ப் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறேன்.


கத்தரி, வியாசர்பாடி
ஜூன் 18, இரவு 9.40

நாளையிலிருந்து கடை கிடையாது. பதினெட்டு நாள் ஓடியது. போன வாரம்தான் போர்த்துகிற துணி ஐந்நூறு மொத்தமாக எடுத்தேன், தனித்தனியாக வாங்கினால் விலை கூட என்று. முந்நூற்றுச் சொச்சம் அப்படியே பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. இன்று மாலை கூட்டம், எல்லாரும் மூடுவதற்குள் வெட்டிக்கொள்ள வந்தார்கள். ஆறு பேரைத் திருப்பி அனுப்பினேன், வெளியே நின்று திட்டினார்கள்.

ஷட்டரை இறக்கிவிட்டு நோட்டைப் பார்த்தேன். பதினோரு பக்கம் எழுதியிருக்கிறது. கடைசிப் பெயருக்கு நேரே ஆதார் எண் பாதிதான் இருக்கிறது, அதற்குள் போலீஸ் வண்டி சைரன் அடித்துவிட்டது.